புது வண்டியின் மைலேஜைச் சாலையில் சோதிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதுச்சேரியிலிருந்து கடலூர் வரை ஒரு நடை போய்த் திரும்பி, "லிட்டருக்கு 28 கொடுக்குது" என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் தயாரிப்பு தொடங்கும் முன் புரோட்டோ வண்டியை, அதாவது முன்மாதிரியாகச் செய்த காரை, சாலையில் ஓட்டுவது நல்ல எண்ணைக் கண்டுபிடிக்க இல்லை. எந்த நேரத்தில், எந்தப் பாரத்தில், யார் கையில் இந்த வண்டி ஏமாற்றும் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ளத்தான். அச்சுகள் செய்து, உதிரிபாகங்களுக்கு ஆர்டர் போட்ட பிறகு தெரியவரும் குறையை யாராலும் மலிவாகத் திருத்த முடியாது. சோதனையில் நடக்கும் தவறுகளில் முக்கால்வாசி, நல்ல எண் வர வேண்டும் என்ற ஆசையிலிருந்து வருபவை.

டேங்க்கை நிரப்புவதிலேயே தொடங்குகிறது

எல்லோரும் செய்வது ஃபுல் டேங்க் முறை. நிரப்பு, ஓட்டு, மறுபடி நிரப்பு, கிலோமீட்டரை லிட்டரால் வகு. முறையில் தப்பில்லை, தூரத்தில்தான் தப்பு. கடலூர் போய்வர சுமார் 50 கிலோமீட்டர். லிட்டருக்கு 25 கொடுக்கும் வண்டி அதற்கு 2 லிட்டர் குடிக்கும். பங்க்கில் கன் தானாக நின்ற பிறகு பையன் "ரவுண்டா போட்டுடவா சார்?" என்று கேட்டுவிட்டு இன்னும் இரண்டு அழுத்து அழுத்துவான். அதில் 200 மில்லி கூடப் போனால் உங்கள் கணக்கு 22.7 ஆகிவிடும். 200 மில்லி குறைவாகப் போனால் 27.8. வண்டி அதே வண்டிதான். இதே பிழை 400 கிலோமீட்டர் ஓட்டத்தில் 24.7-க்கும் 25.3-க்கும் நடுவில் அடங்கிவிடும். ஆகவே ஒன்று, நீளமாக ஓட்டுங்கள். அல்லது, தனியாக ஒரு சின்ன டேங்க் பொருத்தி, ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் அதைக் கழற்றித் தராசில் நிறுத்துப் பாருங்கள். கிராம் காட்டும் தராசு இருந்தால் போதும், பையன் எவ்வளவு அழுத்தினாலும் கவலையில்லை.

எடை போடுவதில் இன்னொரு லாபம் உண்டு. பெட்ரோல் ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 0.1 சதவீதம் விரியும். காலையில் பங்க்கின் நிலத்தடித் தொட்டியிலிருந்து குளிர்ச்சியாக நிரப்பிய 30 லிட்டர், மதிய வெயிலில் 10 டிகிரி சூடேறினால் 300 மில்லி "கூடிவிடும்". எடை கூடாது.

புதுச்சேரியில் பெட்ரோல் விலை தமிழ்நாட்டைவிடக் குறைவு என்பதால், எல்லை தாண்டும் முன் கன்னியக்கோயில் பக்கம் நிரப்பிக்கொள்வது இந்தப் பக்கத்துப் பழக்கம். சோதனைக்கு அது ஆகாது. ஒரே பங்க், ஒரே பம்பு, வண்டி நிற்கும் இடம்கூட ஒன்றாக இருக்க வேண்டும். தரை கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் டேங்க்கில் காற்று தங்கிவிடும். பழைய அளவுகளோடு ஒப்பிடும்போது எத்தனாலையும் மறக்கக் கூடாது. ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் ஆற்றல், பெட்ரோலில் இருப்பதில் சுமார் மூன்றில் இரண்டு பங்குதான். 10 சதவீதம் எத்தனால் கலந்த ஈ10-லிருந்து 20 சதவீதம் கலந்த ஈ20-க்கு மாறினாலே லிட்டருக்கான ஆற்றல் மூன்றரை சதவீதம் போல் குறைகிறது. ஈ10 காலத்து லாக் புக்கை எடுத்து வைத்துக்கொண்டு "புது இன்ஜின் சரியில்லை" என்று முடிவு கட்டுபவர்கள் உண்டு.

கடல் காற்றுக்கும் கணக்கு இருக்கிறது

முருங்கப்பாக்கம், அரியாங்குப்பம், தவளக்குப்பம், கிருமாம்பாக்கம் என்று கரையை ஒட்டியே போகும் சாலை இது. கோடையில் மதியத்துக்கு மேல் தென்கிழக்கிலிருந்து கடல் காற்று ஏறும். கடலூரை நோக்கிப் போகும்போது எதிரில் அடிக்கும் காற்று, திரும்பும்போது முதுகில் தள்ளும். "போக வர ஓட்டினால் இரண்டும் கழிந்துவிடும்" என்று பலரும் நம்புகிறார்கள். முழுதாகக் கழியாது. காற்றுத் தடை, காற்றை வண்டி சந்திக்கும் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். மணிக்கு 60-ல் போகும் வண்டிக்கு நேர் எதிரே 15 கிலோமீட்டர் காற்று அடித்தால் தடை 56 சதவீதம் கூடுகிறது, அதே காற்று பின்னாலிருந்து தள்ளினால் 44 சதவீதம்தான் குறைகிறது. மிச்சம் நஷ்டம்தான். அதிகாலையில் காற்று அடங்கியிருக்கும்போது ஓட்டுவது ஒரு வழி. அதைவிட நல்லது, ஏற்கெனவே குணம் தெரிந்த இன்னொரு வண்டியைக் கூடவே ஓட்டுவது. அன்றைக்கு அந்த வண்டியின் மைலேஜும் விழுந்திருந்தால் பழி காற்றின் மேல்.

காற்றை வைத்து விளையாடியவர்கள் பட்ட பாடும் ஊரறிந்தது. 2012-ல் அமெரிக்காவில் ஹூண்டாயும் கியாவும் சுமார் 9 லட்சம் வண்டிகளுக்கு மைலேஜைக் கூட்டிச் சொன்னது வெளிவந்தது. பின்காற்று அடிக்கும் ஓட்டங்களையும், தங்கள் வண்டிக்குச் சாதகமான வெப்பநிலையையும் தேர்ந்தெடுத்தார்கள் என்பது அரசுத் தரப்பின் குற்றச்சாட்டு. 2014-ல் 10 கோடி டாலர் அபராதம் கட்டினார்கள். 2016-ல் ஜப்பானில் சுசூகியின் கதை வேறு. ஜப்பானில் சகரா (Sagara) என்ற இடத்தில் உள்ள அவர்களுடைய சோதனைத் தளம் கடலுக்குப் பக்கத்துக் குன்றின் மேல் இருக்கிறது. நியூட்ரலில் வண்டியைத் தானாக உருளவிட்டு வேகம் குறையும் நேரத்தை அளக்கும் கோஸ்ட் டவுன் சோதனை காற்றால் சரிவரவில்லை என்று, பாகம் பாகமாக உள்ளே அளந்த எண்களை வைத்துச் சமாளித்ததாக அந்த நிறுவனமே ஒப்புக்கொண்டது. கடலோரத்தில் சோதிக்கும் யாரும் இதை ஒருமுறை யோசித்துப் பார்க்கலாம். எந்த ஓட்டத்தைத் தள்ளுபடி செய்வது என்ற விதியை ஓட்டத்துக்கு முன்பே எழுதி வையுங்கள். எண்ணைப் பார்த்த பிறகு எழுதினால் அது விதி ஆகாது.

ஹைபிரிட் என்றால் பேட்டரியைப் பாருங்கள்

ஹைபிரிட் வண்டியில் நடக்கும் மிகப் பெரிய தவறு இது: பேட்டரி நிறைந்திருக்கும்போது கிளம்பி, தீர்ந்த பிறகு வந்து சேர்வது. ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறக்குறைய 9 யூனிட் ஆற்றல் இருந்தாலும், இன்ஜின் அதில் மூன்றில் ஒரு பங்கைத்தான் சக்கரத்துக்குத் தருகிறது. அப்படியென்றால் பேட்டரியிலிருந்து இலவசமாக வந்த ஒரு யூனிட், மூன்றில் ஒரு பங்கு லிட்டருக்குச் சமம். 2 லிட்டர் குடிக்கும் ஓட்டத்தில் இது ஆறில் ஒரு பங்கு! தொடக்கத்திலும் முடிவிலும் சார்ஜ் ஒரே அளவில் இல்லாவிட்டால் அந்த ஓட்டத்தை எண்ணவே கூடாது.

மற்றவை சில்லறைதான், ஆனால் சேர்ந்தால் பெரிது. டயர் காற்றை ஓடிச் சூடான பிறகு பார்ப்பது தவறு, காலையில் கிளம்பும் முன்பே பார்க்க வேண்டும். ஓடோமீட்டரை நம்பாமல் ஜிபிஎஸ்ஸோடு ஒத்துப் பாருங்கள். புரோட்டோவில் டயர் அளவு அடிக்கடி மாறும், மீட்டருக்கு அது தெரியாது. படம் பிடிப்பவர்களுக்குப் பயந்து ஒட்டும் மறைப்புப் பலகைகளும் காற்றைத் தடுக்கும். ஒரே நேரத்தில் டயரையும் இன்ஜின் மேப்பையும் (எப்போது எவ்வளவு பெட்ரோல் என்று இன்ஜினுக்குச் சொல்லும் கணக்கு) மாற்றிவிட்டு, எது பலன் தந்தது என்று கேட்காதீர்கள். அப்புறம், முதல் ஐந்து நிமிடம் "இன்ஜின் சூடாகட்டும்" என்று ஓட்டிவிட்டு அதன்பின் அளவைத் தொடங்குவதும் தவறு. இந்தியாவின் அதிகாரபூர்வச் சோதனைச் சுழற்சியே ஆறிய இன்ஜினில்தான் தொடங்குகிறது: 1180 விநாடி, அதிக வேகம் மணிக்கு 90 கிலோமீட்டர். பள்ளிக்கூடத்தில் பிள்ளையை விட்டுவிட்டு வரும் வண்டிக்கு இன்ஜின் சூடாக நேரமே இருக்காது.

ஏசி தனிக்கதை. நம் கடற்கரையில் வெயிலைவிட ஈரப்பதம் கொடியது. காற்றைக் குளிர்விப்பதோடு அதிலுள்ள நீரையும் பிழிந்தெடுக்க ஏசிக்குச் சக்தி வேண்டும். மே மாதம் புதுச்சேரி இந்திரா காந்தி சிலை சிக்னலில் நிற்கும்போது, தானாக இன்ஜினை அணைக்கும் வசதி பல வண்டிகளில் வேலை செய்யாது. ஏசி விடாது. டிசம்பரில் மட்டும் ஓட்டியவருக்கு இது தெரியவே தெரியாது.

ஓட்டுநர் விஷயத்தில் நான் கறார். வண்டியை வடிவமைத்தவர் முட்டையை மிதிப்பதுபோல் ஆக்சிலரேட்டரை மிதிப்பார். அவர் எண்ணை ஒரு ஓரத்தில் எழுதிக்கொண்டு, ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவரையும், புதிதாக லைசென்ஸ் எடுத்த ஒருவரையும் ஓட்டவிடுங்கள். மூவருக்கும் உள்ள இடைவெளிதான் நீங்கள் அறிய வேண்டியது.

சாலையைத் தேர்ந்தெடுக்காதீர்கள்

புதுச்சேரியும் கடலூரும் தட்டையான ஊர்கள். கோரிமேடும் கேப்பர் மலையும் பெயரில்தான் மேடு, மலை. இங்கே மட்டும் ஓட்டினால் வண்டி நல்ல பேர் வாங்கும். ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் முழுப் பாரத்தோடு ஏற்றிப் பார்க்காமல் முடிக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை சுற்றுலாக் கூட்டத்தில் புதுச்சேரியும், சர்க்கரை ஆலையின் அரவைக் காலத்தில் நெல்லிக்குப்பம் சாலையில் கரும்பு டிராக்டர் பின்னால் இரண்டாம் கியரில் ஊர்வதும் சோதனையில் வர வேண்டும்.

அறுவடை நேரத்தில் உள்சாலைகளில் உளுந்துச் செடியையும் எள்ளையும் வண்டி ஏறட்டும் என்று பரப்பி வைத்திருப்பார்கள். இடைஞ்சல் என்று சுற்றிப் போய்விடுவார்கள் சோதனைக்காரர்கள். வாங்குகிறவர் சுற்றிப் போகமாட்டார். ஒருமுறை மெதுவாகக் கடந்துவிட்டு, வண்டியை ஓரம்கட்டி அடியில் குனிந்து பாருங்கள். மைலேஜுக்காகப் பொருத்திய அடித்தகட்டில் சருகு சிக்கியிருக்கிறதா, அது சைலன்சர் சூட்டுக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது? இந்தச் சோதனைக்குக் கையில் ஒரு தீயணைப்பான் இருக்கட்டும்.

கடைசியாகக் காகிதம். பதிவாகாத வண்டியைப் பொதுச் சாலையில் ஓட்ட, போக்குவரத்து அலுவலகம் தரும் டிரேட் சர்டிபிகேட் வேண்டும், இன்சூரன்ஸும் வேண்டும். பாகூர் பக்கம் ஒரே ஓட்டத்தில் புதுச்சேரிக்கும் தமிழ்நாட்டுக்கும் பல முறை மாறி மாறிப் போவீர்கள். எனவே இரண்டு பக்கத்துப் போக்குவரத்து அலுவலகத்திலும் முன்கூட்டியே கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். ஓட்டுநர் கையில் அசல் ஒன்று, அலுவலகத்தில் நகல் ஒன்று.