லாஹௌல்-ஸ்பிதிக்குக் கிளம்புமுன் வரைபடத்தில் பார்க்க வேண்டியவை

இமாச்சலப் பிரதேசத்தின் லாஹௌல்-ஸ்பிதிக்குப் போக நினைப்பவர்கள் முதலில் கேட்பது, "ஜூலையில் அங்கே மழை இருக்குமா?" என்பதுதான். அந்த மாவட்டம் முழுவதற்கும் ஒரே பதில் கிடையாது. 13,800 சதுர கிலோமீட்டருக்கும் மேல் பரப்பு, 2011 கணக்கெடுப்பின்படி 31,564 மக்கள், நடுவில் சுவர் மாதிரி மலைத்தொடர்கள். ஒரு கணவாயைத் தாண்டினால் வானமே வேறு. அதனால் மாவட்டத்தின் பெயரைப் போட்டு வானிலை தேடுவதை விட்டுவிட்டு, மலை மடிப்புகள் தெரிகிற வரைபடம் ஒன்றைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இரண்டு கணவாய்களைக் கண்டுபிடியுங்கள். தெற்கே பீர் பஞ்சால் தொடரில் ரோத்தாங், 3,978 மீட்டர். மாவட்டத்தின் இரு பகுதிகளான லாஹௌலுக்கும் ஸ்பிதிக்கும் நடுவில் குன்சும், ஏறக்குறைய 4,550 மீட்டர். தெற்கிலிருந்து வரும் பருவமழை மேகம் ரோத்தாங்குக்குத் தெற்கே இருக்கும் குல்லு பக்கத்திலேயே பெரும்பாலும் கொட்டித் தீர்த்துவிடும், மிச்சம் கொஞ்சம் லாஹௌலுக்குள் வரும், குன்சுமைத் தாண்டி ஸ்பிதிக்கு வருவது மிகக் குறைவு. ஸ்பிதி குளிர்ப் பாலைவனமானது இப்படித்தான். குளிர்காலத்தில் காற்று மேற்கிலிருந்து ஈரத்தைக் கொண்டுவருவதால் லாஹௌலில் பனி குவியும்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ஸ்பிதியில் மழை இல்லை என்று ஜூலையில் கிளம்பிவிடுவார்கள், ஆனால் அங்கே போகும் சாலை குல்லு வழியாகவோ பக்கத்து மாவட்டமான கின்னௌர் வழியாகவோதான் போகிறது, அந்த இரண்டு பக்கமும் மழைக்காலத்தில் மண்சரிவு சகஜம். போய்ச் சேரும் ஊரின் வானிலையைப் பார்ப்பதைவிட, வழியின் வானிலையைப் பார்ப்பது முக்கியம்.

2020 அக்டோபரில் திறந்த அடல் சுரங்கப்பாதை, 9 கிலோமீட்டர் நீளம், ரோத்தாங்குக்கு அடியில் போகிறது. அதனால் லாஹௌலின் முக்கிய ஊரான கேலாங்குக்குக் குளிர்காலத்திலும் போக வாய்ப்பு உண்டு. ஸ்பிதியின் முக்கிய ஊரான காசாவுக்கு அது உதவாது, ஏனென்றால் குன்சும் பனியில் மூடிக் கிடக்கும். நவம்பரிலிருந்து மே வரையாவது ஸ்பிதிக்கு ஷிம்லா-கின்னௌர் வழியைத்தான் நம்ப வேண்டும்.

அடுத்தது உயரம். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி குறையும். காசா சுமார் 3,650 மீட்டர், குன்சுமுக்குப் பக்கத்தில் இருக்கும் சந்திரதால் ஏரி சுமார் 4,250. காசாவுக்குச் சொன்ன இரவு வெப்பநிலையில் நான்கு டிகிரியைக் கழித்துக்கொண்டு ஏரிக்கரைக்கான போர்வையை எடுத்து வையுங்கள். காற்றழுத்தமும் குறைவு, காசாவில் ஒரு மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் கடல்மட்டத்தைவிட மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைவாக இருக்கும். மணாலியிலிருந்து ஒரே நாளில் குன்சும் ஏறினால் சுமார் 2,000 மீட்டரிலிருந்து 4,500க்கு மேல் போகிறீர்கள், உடம்பு தாங்காமல் தலைவலியும் வாந்தியும் வரலாம். முதல்முறை போகிறவர்கள் வழியில் உள்ள கல்பா, தாபோ ஆகிய ஊர்களில் தங்கித் தங்கிக் கின்னௌர் வழியாக ஏறுவதுதான் நல்லது என்பேன். நேரம் அதிகமானாலும் பரவாயில்லை. தலைவலி கூடிக்கொண்டே போனால் மேலே ஏறாதீர்கள், இறங்குங்கள்.

அப்புறம் சரிவின் திசை. தெற்கு நோக்கிய சரிவில் வெயில் படும், பனி சீக்கிரம் உருகும். வடக்கு நோக்கிய சரிவில் நிழல், சாலையில் பனிக்கட்டி நாள் முழுக்கக் கிடக்கும். வளைவுகள் எந்தப் பக்கம் பார்க்கின்றன என்று முன்கூட்டியே குறித்துக்கொண்டால் வண்டி ஓட்டுபவருக்குப் பெரிய உதவி.

கடைசியாக நேரம். மணாலி பக்கத்திலிருந்து வரும்போது கிராம்பூவிலிருந்து பாத்தல் வழியாகக் குன்சும் போகும் சாலையில் நாலாக்கள், அதாவது மலை ஓடைகள், குறுக்கே பாயும். பகல் வெயிலில் மேலே பனி உருக உருக, பிற்பகலில் தண்ணீர் ஏறிவிடும். கணவாய்களில் காற்றும் பிற்பகலில்தான் பலமாகும். அதனால் விடியற்காலையில் கிளம்பி, மதியத்துக்குள் ஓடைகளையும் கணவாயையும் தாண்டிவிடுங்கள். தாமதமாகி, ஓடையில் தண்ணீர் கலங்கி வேகமாகப் போவதைப் பார்த்தால் இறங்காதீர்கள், அன்றிரவு இந்தப் பக்கமே தங்கிவிட்டு மறுநாள் காலையில் கடந்துகொள்ளலாம்.