டைட்டன் பங்கின் பி.இ. விகிதத்தைப் பல ஆண்டுக் கணக்கில் படிப்பது எப்படி?

ஓசூரில் டைட்டன் ஆலை வந்தபோது அந்த ஊர் தருமபுரி மாவட்டத்தில் இருந்தது. கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004-இல்தான். டாடா குழுமமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் கூட்டாக 1984-இல் தொடங்கிய அந்தக் கைக்கடிகார நிறுவனம், இன்று வருவாயின் பெரும்பகுதியைத் தனிஷ்க் நகைக்கடைகளின் வழியே ஈட்டுகிறது. ஆகவே அதன் பங்கை ஒரு பெரிய சில்லறை வணிக நிறுவனத்தின் பங்காகவே எடைபோட வேண்டும். நம் ஊர்க் கம்பெனி என்ற பாசம் இந்தக் கணக்கில் எந்தக் கட்டத்திலும் சேராது.

பி.இ. விகிதம் என்பது பங்கின் விலையை, ஒரு பங்குக்கு ஓராண்டில் கிடைத்த லாபத்தால் வகுத்து வரும் எண். கிருஷ்ணகிரிப் பக்கம் மாந்தோப்பைக் கிரயம் பேசுபவர்களுக்கு இது புதிதன்று. பெங்களூரா மரம் ஓராண்டு காய்த்துக் கொட்டினால் மறு ஆண்டு காய்ப்பு குறையும் என்பதால், எந்த ஓர் ஆண்டின் வருமானத்தையும் மட்டும் வைத்து யாரும் தோப்புக்கு விலை சொல்வதில்லை. பங்கிலும் விகிதம் ஏறுவதற்கு விலை ஏறியதும் காரணமாகலாம், லாபம் இறங்கியதும் காரணமாகலாம். இவற்றில் எது நடந்தது என்று பிரித்துப் பார்ப்பதே இந்த வேலையின் சாரம்.

முதலில் ஒரு கணக்கு நோட்டில் ஆண்டுக்கு ஒரு வரியாக, மார்ச் இறுதி விலை, நிகர லாபம், பங்குகளின் எண்ணிக்கை, ஒரு பங்குக்கான லாபம், விகிதம் என்று ஐந்து கட்டங்கள் போட்டுக்கொள்ளுங்கள். ஆண்டறிக்கைகள் நிறுவனத்தின் இணையதளத்திலும் மும்பை பங்குச்சந்தையின் தளத்திலும் (டைட்டனின் எண் 500114) இலவசமாகக் கிடைக்கின்றன. துணை நிறுவனங்களையும் சேர்த்த ஒருங்கிணைந்த கணக்கையே எல்லா ஆண்டுகளுக்கும் எடுக்க வேண்டும். ஓராண்டு தனிக் கணக்கு, மறு ஆண்டு ஒருங்கிணைந்த கணக்கு என்று கலந்தால் நோட்டு பொய் சொல்லும்.

அடுத்தது பங்குப் பிரிப்பு. 2011-இல் டைட்டன் 10 ரூபாய் முகமதிப்பை (பங்கில் குறிக்கப்பட்ட மதிப்பை) 1 ரூபாயாகப் பிரித்து, ஒன்றுக்கு ஒன்று போனஸும் (ஒரு பங்குக்கு இன்னொரு பங்கு இலவசம்) வழங்கியதால், பழைய ஒரு பங்கு 20 பங்குகளானது. இணையத்தில் காணும் பழைய விலைகள் இதற்கேற்பத் திருத்தப்பட்டவை. பழைய ஆண்டறிக்கையில் அச்சான லாபமோ திருத்தப்படாதது. நான் முதன்முதலில் நோட்டுப் போட்டபோது இதைக் கவனிக்காமல் வகுத்ததில், 2011-ஆம் ஆண்டு விகிதம் 2 என்று வந்தது. அரை மணி நேரம் மகிழ்ந்திருந்துவிட்டு, பிறகுதான் அந்த லாபத்தை 20-ஆல் வகுக்க மறந்தது புரிந்தது. சரியான விடை 40-ஐ ஒட்டியது.

இனி அண்மைக் காலத்தைப் பார்ப்போம். எண்கள் யாவும் தோராயமானவை. 2020 மார்ச் இறுதியில் விலை ரூ. 934, ஒரு பங்குக்கு லாபம் ரூ. 16.8, விகிதம் 56. கொரோனா ஊரடங்கில் கடைகள் மூடிக் கிடந்த அடுத்த நிதியாண்டில் லாபம் ரூ. 11-க்கு இறங்கியது, சந்தையோ மீட்சியை எதிர்பார்த்து 2021 மார்ச் இறுதிக்குள் விலையை ரூ. 1,558-க்கு ஏற்றிவிட்டது. விகிதம் 142. இதை மட்டும் பார்த்து அன்று பங்கை விட்டு விலகிப் போனவர், 2023 மார்ச்சில் விலை ரூ. 2,515 ஆகியும் விகிதம் 68-ஆகக் குறைந்ததைக் கண்டு திகைத்திருப்பார். நடந்தது இவ்வளவுதான்: லாபம் ரூ. 36.9-க்கு உயர்ந்துவிட்டது.

இத்தகைய காய்ப்பில்லா ஆண்டுகளுக்கு, மூன்று ஆண்டு லாபத்தின் சராசரியால் வகுத்து இன்னொரு கட்டத்தில் எழுதுவது என் வழக்கம். 2021-க்கு அந்தச் சராசரி ரூ. 14.5 அளவில் வருவதால் விகிதம் 107 ஆகிறது. அதுவும் மலிவன்று, ஆனால் 142 போலக் கண்ணைக் கட்டுவதில்லை.

ஒருமுறை மட்டும் நேரும் இழப்புகளுக்கு ஓரத்தில் குறிப்பு எழுதுங்கள். 2024 ஜூலை நிதிநிலை அறிக்கையில் தங்கத்தின் இறக்குமதி வரி 15 விழுக்காட்டிலிருந்து 6 விழுக்காடாகக் குறைந்தபோது, கூடுதல் வரி கட்டி வாங்கியிருந்த இருப்பின் மதிப்பு சரிந்து அவ்வாண்டின் லாபத்தைக் கடித்தது. அதைக் கடைகளின் தளர்ச்சி என்று படிக்கக் கூடாது.

விலைக்கும் புத்தக மதிப்புக்குமான (சொத்திலிருந்து கடனைக் கழித்த மதிப்புக்குமான) விகிதத்தை இந்தப் பங்கில் நான் அதிகம் நம்புவதில்லை. 2023-இல் கேரட்லேன் என்ற நகை நிறுவனத்தில் அதன் நிறுவனர் குடும்பத்திடம் இருந்த 27.18 விழுக்காட்டை ரூ. 4,621 கோடிக்கு டைட்டன் வாங்கியதில், கணக்கு விதிப்படி அத்தொகையின் பெரும்பகுதி நிறுவனத்தின் சொந்த நிதியிலிருந்தே கழிக்கப்பட்டது. கடைகளில் எதுவும் மாறாமலேயே அந்த விகிதம் குதித்தது. விலையை விற்பனையோடு ஒப்பிடுவதானால், கடை வியாபாரத்தில் சேராத தங்கக் கட்டி விற்பனையைக் கழித்துவிடுங்கள். கடை வாடகை ஒப்பந்தங்களைக் கடனாகக் காட்டும் விதி 2019 ஏப்ரலில் வந்ததால், வட்டி, வரி, தேய்மானத்துக்கு முந்திய லாபத்தை அதற்கு முந்தைய ஆண்டுகளோடு ஒப்பிடுவது சரிவராது.

நோட்டு நிறைந்த பிறகு செய்ய வேண்டிய கணக்கு ஒன்றே: இரண்டு ஆண்டுகளை எடுத்து, விலை எத்தனை மடங்கானது, லாபம் எத்தனை மடங்கானது, விகிதம் எத்தனை மடங்கானது என்று எழுதுங்கள், பின்னிரண்டையும் பெருக்கினால் முதலாவது வர வேண்டும். 2021 முதல் 2023 வரை விலை 1.6 மடங்கு, லாபம் 3.35 மடங்கு, விகிதம் பாதிக்கும் சற்றுக் குறைவு. 2025 மார்ச் இறுதியில் விலை ரூ. 3,063, லாபம் ரூ. 37.6, விகிதம் 81. அதாவது 2023 முதல் 2025 வரை விலை 1.22 மடங்கு ஏறியபோது லாபம் 1.02 மடங்குதான், மீதி ஏற்றம் முழுவதும் விகிதம் விரிந்ததால் வந்தது. முதல் இரண்டு ஆண்டுகளில் வியாபாரம் விலையைச் சுமந்தது, அடுத்த இரண்டில் எதிர்பார்ப்பு சுமந்தது. ஆண்டு முடிவுகள் வழக்கமாக மே மாதத்தில் வெளியாகும்; அன்று மாலை அடுத்த வரியை நிரப்பி, இதே பெருக்கலை மறுபடியும் போடுங்கள்.