அணைவுப் பலபடிப் பொடியின் மின்கடத்துதிறனை அளப்பது எப்படி?

உலோக அயனிகளைக் கரிம மூலக்கூறுகள் கோத்துக் கட்டிய அணைவுப் பலபடிகள் பெரும்பாலும் மின்சாரத்தைக் கடத்தாதவை. நிக்கல் அயனிகளை எச்ஐடிபி என்ற கரிம மூலக்கூறு கோத்த நிக்கல்-எச்ஐடிபி விதிவிலக்கு. 2014-இல் அமெரிக்காவின் எம்ஐடியைச் சேர்ந்த மிர்ச்சா டிங்கா குழு வெளியிட்ட அளவீட்டில், பொடியை அழுத்திச் செய்த வில்லையின் கடத்துதிறன் சென்டிமீட்டருக்கு 2 சீமென்ஸ் (சீமென்ஸ் என்பது ஓமின் தலைகீழ் அலகு). அதன் மென்படலம் 40 சீமென்ஸ். வில்லையில் எலக்ட்ரான் ஒவ்வொரு துகளின் விளிம்பையும் தாண்டியாக வேண்டும். எனவே கீழே கிடைக்கும் எண்ணை வில்லையின் எண்ணாகவே குறித்துவையுங்கள்.

படி 1: உலர்த்துதல்
பொடியை வெற்றிட அடுப்பில் 80°C-இல் ஓர் இரவு வையுங்கள். துளைகளில் நீர் தங்கினால் அயனிகள் நகர்ந்து பொய்க் கடத்தலைக் காட்டும். மின்னழுத்தம் மாறாதபோதே மின்னோட்டம் தேய்ந்துகொண்டு வந்தால், முதலில் ஈரத்தைச் சந்தேகியுங்கள். எச்கேயூஎஸ்டி-1 என்ற தாமிரச் சட்டகத்துக்கு 150°C வேண்டும். அதில் நிறமே சொல்லிவிடும்: ஈரத்தில் வெளிர்நீலம், உலர்ந்ததும் கருநீலம்.

படி 2: வில்லை
13 மி.மீ. விட்டமுள்ள டையில் (அழுத்தும் அச்சு) சுமார் 80 மி.கி. பொடி, 1 டன், 2 நிமிடம். அழுத்தத்தை மெல்ல இறக்குங்கள். சட்டென்று விட்டால் மயிரிழை விரிசல் விழும். அழுத்தம் கூடினால் துளைச் சட்டகமே நொறுங்கலாம். அழுத்துவதற்கு முன்னும் பின்னும் எக்ஸ்-கதிர் வரைபடம் எடுத்து ஒப்பிடுவதைத் தவிர்க்கவே கூடாது. தடிமனை மைக்ரோமீட்டரால் ஐந்து இடங்களில் அளந்து சராசரி எடுங்கள்.

படி 3: நான்கு முனை
மல்டிமீட்டரின் இரண்டு கம்பிகளை வில்லையின் இருபுறமும் வைத்து அளப்பதுதான் புதியவர்கள் அதிகம் செய்யும் தவறு. 0.5 மி.மீ. தடிமனுள்ள நிக்கல்-எச்ஐடிபி வில்லையின் குறுக்கே மின்தடை ஏறத்தாழ 0.02 ஓம்தான்; கம்பிகளின் தடையே அதைவிடப் பல மடங்கு. எனவே 1.3 மி.மீ. இடைவெளியில் நான்கு முனைகளை வில்லையின் நடுவே வரிசையாகப் பதியுங்கள். வெளி முனைகளில் மின்னோட்டம், உள் முனைகளில் மின்னழுத்தம். மின்னழுத்தமானி ஏறக்குறைய மின்னோட்டமே எடுக்காததால் தொடுதடை கணக்கில் நுழையாது.

இந்த அளவுள்ள வட்ட வில்லைக்குத் திருத்தக் காரணி 4.17; பாடநூல்களில் வரும் 4.53 மிக அகன்ற தகட்டுக்கு உரியது. 1 மில்லிஆம்பியருக்கு 2.4 மில்லிவோல்ட் வந்தால்:

மின்தடைத்திறன் = 4.17 × 0.05 செ.மீ. (தடிமன்) × 2.4 ஓம் = 0.50 ஓம்·செ.மீ.

தலைகீழாக்கினால் 2 சீமென்ஸ்/செ.மீ.

மின்னோட்டத்தைத் திசைமாற்றி இன்னொரு முறை அளந்து சராசரி எடுங்கள், வெப்பமின்னழுத்தம் கழிந்துவிடும். 0.5, 1, 2 மில்லிஆம்பியர் புள்ளிகள் நேர்கோட்டில் விழாவிட்டால் முனை சரியாகப் பதியவில்லை, அல்லது வில்லை சூடாகிறது.

மெகாஓம் கணக்கில் தடையுள்ள வில்லைக்கு இரண்டு தங்க மின்முனைகளே போதும். விளிம்பில் கைபடாமல் பிடியுங்கள், விரல் பிசுக்கு வழியாகவும் மின்சாரம் கசியும்.

அலகிலும் கவனம் வேண்டும். டிசிஎன்க்யூ என்ற கரிம மூலக்கூறைத் துளைகளில் புகுத்திய எச்கேயூஎஸ்டி-1-க்கு 2014-இல் வந்த 7 சீமென்ஸ் என்பது மீட்டருக்கு; சென்டிமீட்டருக்கு 0.07 மட்டுமே.