விளம்பரம் வரும் நேரமும் ஒரு தேக்கரண்டியும்

கொழிஞ்சாம்பாறை, சித்தூர் போன்ற பாலக்காட்டு எல்லையோரத் தமிழ் வீடுகளில் தமிழ், மலையாளம் ஆகிய இரு மொழிச் சேனல்களும் ஓடுவதால், ஒரே குளிர்பான விளம்பரத்தைக் குழந்தை ஒரே மாலையில் இரு மொழிகளிலும் பார்த்துவிடுகிறது. சிறுவர் சேனல்களிலும் சிறுவர் நிகழ்ச்சிகளின் இடையிலும் சிப்ஸ், குளிர்பானம் போன்றவற்றை விளம்பரப்படுத்தக் கூடாது என்று மத்திய அரசின் 2022 ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிமுறைகள் சொல்கின்றன. ஆனால் குழந்தைகள் பெரியவர்களுடன் அமர்ந்து பார்க்கும் தொடர்களும் கிரிக்கெட் ஆட்டங்களும் அந்த வரம்புக்குள் வருவதில்லை. எனவே மீதிக் காவல் வீட்டாரையே சேர்ந்தது.

விளம்பரத்தில் கண்ட பொருளைக் குழந்தை கேட்டால், மறுப்பதற்கு முன் அதன் உறையின் பின்புறத்தைச் சேர்ந்து படியுங்கள். 100 மில்லிக்கு 10 கிராம் சர்க்கரை என்று இருந்தால், 250 மில்லி புட்டியில் 25 கிராம், அதாவது ஏறத்தாழ 6 தேக்கரண்டி இருக்கிறது. அதைக் குழந்தையின் கையாலேயே அளந்து ஒரு தட்டில் கொட்டச் சொல்லுங்கள். விளம்பரத்தின் நோக்கம் விற்பனை என்பதைச் சிறு வயதுக் குழந்தைகளால் தாமாக உணர இயலாது என்பதால், அறிவுரையைவிடக் கண்ணெதிரே தெரியும் அந்தக் குவியல் நன்றாகப் புரியும் என்றே நான் உறுதியாக நம்புகிறேன்.

தொலைக்காட்சியைப் போடுவதற்கு முன்பே ஆவியில் வேகவைத்த நேந்திரம்பழமோ சுண்டலோ கொடுத்துவிடுங்கள். எண்ணெயில் பொரித்த நேந்திரங்காய் வறுவல், நம் ஊர்ப் பண்டமே ஆனாலும், இதற்கு மாற்றாகாது.