லேப்டாப் ஜிபியுவை விர்ச்சுவல் மெஷினுக்குக் கொடுப்பது எப்படி? பிழை 43-க்கான தீர்வோடு

லினக்ஸுக்குள் கேவிஎம் என்ற வசதி மூலம் தனிக் கணினிபோல (அதாவது விர்ச்சுவல் மெஷினாக) ஓடும் விண்டோஸுக்கு, லேப்டாப்பின் என்விடியா ஜிபியுவை (கிராஃபிக்ஸ் சிப்பை) அப்படியே ஒப்படைக்கலாம். 2021-இல் வந்த ஆர்465 டிரைவரிலிருந்து ஜிஃபோர்ஸ் கார்டுகளுக்கு இதை என்விடியாவே அனுமதிக்கிறது. லேப்டாப்பில் மேக்ஸ்வெல் என்ற என்விடியா சிப் தலைமுறை முதல் இது செல்லும். உங்கள் திரை இன்டெல் அல்லது ஏஎம்டி உள் ஜிபியுவில் ஓட வேண்டும். அது இல்லாவிட்டால் இதில் இறங்காதீர்கள்.

1. வயரிங் பாருங்கள்
டெர்மினலில் எல்எஸ்பிசிஐ கட்டளையை என்-என்-கே விருப்பத்தோடு ஓட்டுங்கள். என்விடியா வரியில் '3டி கன்ட்ரோலர்' என்று இருந்தால், அந்த ஜிபியுவில் திரை இணைக்க வழியே இல்லை. ரிமோட் டெஸ்க்டாப் வழியாகத்தான் பார்க்க வேண்டும். 'விஜிஏ கம்பேட்டிபிள் கன்ட்ரோலர்' என்றால் பெரும்பாலும் ஹெச்டிஎம்ஐ அதில் கோர்த்திருக்கும். அங்கேயே தெரியும் அடையாள எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 10டிஇ என்று தொடங்கும். பக்கத்தில் ஆடியோ சாதனம் இருந்தால் அதன் எண்ணும் வேண்டும்.

2. ஐஓஎம்எம்யு
ஒரு சாதனத்தை விர்ச்சுவல் மெஷினுக்கு நேரடியாகக் கொடுக்க உதவும் வன்பொருள் வசதி இது. பயாஸில் இதை ஆன் செய்யுங்கள்; இன்டெலில் விடி-டி என்றும், ஏஎம்டியில் பெரும்பாலும் ஐஓஎம்எம்யு என்றும் இருக்கும். இன்டெல் என்றால் கிரப் (லினக்ஸை பூட் செய்யும் நிரல்) கோப்பின் கர்னல் வரியிலும் இன்டெல் ஐஓஎம்எம்யுவை ஆன் செய்ய வேண்டும்.

3. ஜிபியுவைப் பிரித்தெடுங்கள்
குறித்த எண்களை, ஜிபியுவை விர்ச்சுவல் மெஷினுக்காக ஒதுக்கி வைக்கும் விஎஃப்ஐஓ-பிசிஐ டிரைவருக்குக் கொடுத்து, பூட்டின் தொடக்கத்தில் ஏறும் இனிட்ராம்எஃப்எஸ் கோப்பைப் புதுப்பித்து ரீபூட் செய்யுங்கள். முதல் கட்டளையை மறுபடி ஓட்டினால் பயன்பாட்டில் உள்ள டிரைவராக விஎஃப்ஐஓ-பிசிஐ தெரிய வேண்டும். தெரியாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

4. மெஷின்
விர்ச்சுவல் மெஷின் உருவாக்கும் விர்ட்-மேனேஜர் செயலியில் கியூ35 சிப்செட், யுஇஎஃப்ஐ தேர்ந்தெடுத்து, அந்தச் சாதனங்களைச் சேர்த்து, விண்டோஸை நிறுவி, என்விடியா டிரைவரைப் போடுங்கள்.

5. பிழை 43
பலர் மனம் விட்டுப்போவது இங்கேதான். டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணம், உள்ளே பிழை எண் 43; ஜிபியுவை விண்டோஸ் நிறுத்திவிட்டது என்று பொருள். டெஸ்க்டாப்புக்கென எழுதிய குறிப்புகள் இதற்கு உதவாது. லேப்டாப் ஜிபியு டிரைவர் மின்சார நிலையை அறியப் பேட்டரியைத் தேடுகிறது. கேவிஎம்மோடு சேர்ந்து மெஷினை ஓட்டும் கியூஇஎம்யு மென்பொருளோ விர்ச்சுவல் மெஷினுக்குப் பேட்டரி எதையும் காட்டுவதில்லை. ஆகவே நாமே ஒரு போலிப் பேட்டரியைக் காட்டுகிறோம். பேட்டரியை விவரிக்கும் சிறிய எஸ்எஸ்டிடி (வன்பொருளை இயங்குதளத்துக்கு விவரிக்கும் ஏசிபிஐ அட்டவணை) கோப்பு ஒன்றை, மெஷினின் எக்ஸ்எம்எல் அமைப்புக் கோப்பில் கியூஇஎம்யுவின் ஏசிபிஐ-டேபிள் விருப்பமாகச் சேர்க்க வேண்டும்.

ரீஸ்டார்ட் போதாது. மெஷினை முழுதாக அணைத்து ஏற்றுங்கள். விண்டோஸ் டாஸ்க்பாரின் ஓரத்தில் பேட்டரிச் சின்னம் வந்தால் கோப்பு ஏறிவிட்டது. அடுத்து டிவைஸ் மேனேஜரைத் திறந்து மஞ்சள் முக்கோணம் போய்விட்டதா என்று பாருங்கள்.