காரின் பின்பக்கம் 'டொக் டொக்' சத்தமா? ஷாக் அப்சார்பரை மாற்றும் முன்…

முதலில் டிக்கியைக் காலி செய்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். சரியாக இறுக்காத ஜாக்கியும் ஸ்டெப்னியும் அச்சு அசலாக ஷாக் அப்சார்பர் போலவே சத்தம் போடும்!

அப்புறமும் சத்தம் வந்தால், வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஒருவர் பின்பக்கத்தை அழுத்தி அழுத்தி ஆட்டட்டும். நீங்கள் பக்கத்தில் நின்று ஷாக் அப்சார்பர் வண்டியோடு இணையும் மேல் மவுண்ட், கீழ் போல்ட் இரண்டையும் கவனியுங்கள். சத்தம் வரும் இடத்தில் கை வைத்தால் அதிர்வு தெரியும். பெரும்பாலும் குற்றவாளி தேய்ந்துபோன ரப்பர் புஷ் (போல்ட்டைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம்) அல்லது தளர்ந்த நட்டுதான். ஷாக்கின் உடல் பகுதியில் லேசான எண்ணெய்ப் படலம் இருந்தால் பயமில்லை. ஈரமாக வழிந்திருந்தால் ஷாக்கையே மாற்ற வேண்டும், அதுவும் இரண்டு பக்கமும் சேர்த்து.

மீண்டும் மாட்டும்போது பலர் கோட்டை விடுவது இங்கேதான்: வண்டி ஜாக்கியில் தூக்கி நின்று சக்கரம் தொங்கும்போதே கீழ் போல்ட்டை முழுதாக முறுக்கிவிடுகிறார்கள். வண்டியைத் தரையில் இறக்கியதும் புஷ் முறுக்கிக்கொண்டு சீக்கிரமே கிழிந்துவிடும். லேசாக மாட்டிவிட்டு, எடை சக்கரத்தில் இறங்கிய பிறகு டார்க் ரெஞ்ச்சால் (இறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பேனர்), வண்டியின் கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் நுழையாதீர்கள்; வண்டியைத் தாங்கிப் பிடிக்கும் ஸ்டாண்ட் கட்டாயம்.