போடிமெட்டு ஏறும் வண்டிக்கு டயர் மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போடி, கம்பம் பக்கம் ஏலத்தோட்டம் வைத்திருப்பவர்கள் வீட்டு வாசலில் ஒரு மஹிந்திரா தாரோ, பொலேரோவோ, பழைய ஜீப்போ நிற்கும். தென்மேற்குப் பருவமழைக்கு முன்னால் டயர் மாற்ற வருகிறவர்களில் பலர் கடையில் கேட்பது, "நல்ல முரட்டு பட்டனா கொடுங்கண்ணே." பட்டன் என்பது டயரின் மேல் துருத்தி நிற்கும் ரப்பர் கட்டிகள். பல தவறுகளுக்கு இந்தக் கேள்விதான் ஆரம்பம்.

உங்கள் வண்டி உண்மையில் எந்தச் சாலையில் ஓடுகிறது என்று ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். மலையடிவார முந்தலில் இருந்து 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் போடிமெட்டு, அப்புறம் பூப்பாறை, சாந்தன்பாறை வரைக்கும் தார்ச்சாலைதான். தோட்டத்துச் சேறு கடைசிக் கொஞ்ச தூரம் மட்டும். மட் டெரெய்ன் எனப்படும் எம்டி டயரில் பட்டன்கள் பெரியவை, இடைவெளி அகலம். சேற்றை உதறித் தள்ள இதைவிட நல்ல டயர் கிடையாது. ஆனால் நனைந்த தார்ச்சாலையில் தரையைத் தொடும் ரப்பர் குறைவு. தண்ணீரை வழித்தெடுக்கும் மெல்லிய கீறல்களும் குறைவு. பிரேக் பிடித்தால் வண்டி நிற்க அதிக தூரம் எடுக்கும். மழையில் மெட்டு இறங்கும்போது அந்தத் தூரம் நமக்குக் கிடைக்காது. மாதத்துக்குப் பலமுறை மலை ஏறி இறங்குபவர்களுக்கு ஆல் டெரெய்ன் எனப்படும் ஏடி டயரைத்தான் நான் சொல்வேன். மலைக்கே போகாமல் தேனி, மதுரை என்று ஓடும் வண்டிக்கு, தார்ச்சாலைக்கான ஹைவே டெரெய்ன் எனப்படும் எச்டி டயர் போதும்.

கொழுக்குமலை ஜீப்புகளின் கதை வேறு. ஊர் தேனி மாவட்டத்தில் இருந்தாலும் வண்டி கேரளாவின் சூரியநெல்லி வழியாகத்தான் போக முடியும். அந்தப் பாதையில் கூரான கற்கள் டயரின் பக்கச்சுவரைக் கிழிக்கும். அங்கே முரட்டு டயர் நியாயமான தேர்வு. அதைப் பார்த்துவிட்டு நம் வண்டிக்கும் அதையே கேட்பதுதான் தவறு.

அடுத்தது, பெரிய சைஸ் மோகம். பழைய தாருக்கு 235/70 ஆர்16 வருகிறது. பார்வைக்கு எடுப்பாக இருக்கும் என்று 245/75 ஆர்16 மாட்டுகிறார்கள். முதல் டயரின் விட்டம் சுமார் 735 மில்லிமீட்டர், இரண்டாவது சுமார் 774. வித்தியாசம் ஐந்து சதவீதத்துக்குச் சற்று மேல். மீட்டர் 60 காட்டும்போது வண்டி 63-ல் போகும். அதுகூடப் பரவாயில்லை. மூட்டை ஏற்றி மலை ஏறும்போது கிளட்ச்சுக்குப் பாரம் கூடும், இறங்கும்போது இரண்டாவது கியரில் இன்ஜின் இழுத்துப் பிடிப்பது குறையும், பிரேக் அதிகமாக உழைக்க வேண்டியிருக்கும். டயர் மட்கார்டுக்கு வெளியே துருத்தினால், எல்லை தாண்டியதும் கேரள மோட்டார் வாகனத் துறையினரிடம் பதில் சொல்லவும் நேரும்.

"இப்போ ரெண்டு போடுவோம், மீதி ரெண்டு அப்புறம்" என்பது நான்கு சக்கர இழுவை வண்டிக்கு ஆகாத கணக்கு. தார், பழைய ஜீப் போன்றவற்றில் ஃபோர்வீல் போட்டதும் முன் அச்சும் பின் அச்சும் ஒரே வேகத்தில் பூட்டிக்கொள்ளும். நடுவே வித்தியாசத்தைச் சமாளிக்க டிஃபரன்ஷியல் கிடையாது. ஒரு ஜோடி புதிது, ஒரு ஜோடி தேய்ந்தது என்றால் விட்டம் வேறு. சுற்றும் கணக்கும் வேறு. சேற்றில் சக்கரம் வழுக்கி அந்த வித்தியாசம் தீர்ந்துவிடும். பிடிப்புள்ள சாலையில் அது கியர்பெட்டிக்கும், அதிலிருந்து அச்சுக்குப் போகும் தண்டின் மூட்டான கிராஸ் பேரிங்குக்கும் போய்ச் சேரும். ஃபோர்வீல் லீவர் இறுகி, எடுக்கவே வராது. முடிந்தவரை நான்கும் ஒரே சைஸ், ஒரே மாடல், ஒன்றாக மாற்றுங்கள். ஸ்டெப்னியும் அதே சைஸில் இருக்கட்டும். நைலான் டயரையும் ரேடியலையும் கலந்து மாட்டவே கூடாது.

பக்கச்சுவரில் இருக்கும் எழுத்துகளைப் படிக்காமல் பணம் கொடுப்பது இன்னொரு தவறு. டயரைக் கடைத் தரையில் உருட்டிப் பாருங்கள். டிஓடி (DOT) என்று தொடங்கும் வரிசையின் கடைசியில், நீள்வட்டக் கட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும். 3224 என்றால் 2024-ம் ஆண்டின் 32-வது வாரம், அதாவது ஆகஸ்ட் மாதம், தயாரானது. பல டயர்களில் இது ஒரு பக்கம் மட்டுமே இருக்கும். அந்தப் பக்கத்தை உள்ளே வைத்து மாட்டிவிட்டால் வண்டிக்கு அடியில் படுத்துத்தான் பார்க்க வேண்டும். ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள். சைஸுக்குப் பக்கத்தில் உள்ள எண் சுமைக் குறியீடு: 100 என்றால் ஒரு டயர் 800 கிலோ தாங்கும், 104 என்றால் 900. வேலையாட்களையும் ஏலக்காய் மூட்டைகளையும் ஏற்றும் பிக்கப்புக்கு, விலை மலிவு என்று கார் டயர் வாங்கி மாட்டாதீர்கள். சிறு சரக்கு வண்டிகளுக்கான எல்டி வகை டயருக்கு மாறினால் காற்றழுத்தமும் கூட வைக்க வேண்டியிருக்கும். கதவோரம் ஒட்டியிருக்கும் பழைய அளவு அதற்குப் போதாமல் போகலாம்.

பட்டன்களுக்கு நடுவே 1.6 மில்லிமீட்டர் உயரத்தில் சின்ன மேடுகள் தெரியும். பட்டன் அந்த மட்டத்துக்குத் தேயும் வரை மலைப்பாதைக்குப் போகிறவர்கள் காத்திருக்க வேண்டாம். அதற்கு முன்பே மழையில் பிடிப்பு விட்டுப்போகும். தேய்ந்த டயரின் மேல் புது ரப்பர் ஒட்டிய ரீபட்டன் டயரை முன்சக்கரங்களுக்கு மாட்டுவதும் வேண்டாம்.

மாட்டியதும் அலைன்மென்ட், பேலன்சிங் இரண்டும் செய்துவிடுங்கள். நூறு கிலோமீட்டர் ஓடியதும் வீல் நட்டுகளை ஒருமுறை இறுக்கிப் பார்க்க வேண்டும். தொழிற்சாலையில் டயரை வார்க்கும் அச்சிலிருந்து (மோல்டு) எளிதாகப் பிரிவதற்குப் பூசும் வழவழப்பு புது டயரின் மேல் கொஞ்சம் ஒட்டியிருக்கும். அதனால் முதல் சில நூறு கிலோமீட்டரைத் தேனி, கம்பம் சமவெளியில் ஓட்டிவிட்டு, அப்புறம் மெட்டு ஏறுங்கள்.